கிணறுகளை எண்ணும் கல்வி

திருத்தூதர் பணிகள் நூலில் நாம் பலமுறை வாசித்தும் நின்று நோக்காமல் கடந்து போகும் முகவரி ஒன்று உண்டு. யோப்பா நகரில் பேதுரு பல நாள் தங்கியிருந்தது தோல் பதனிடும் சீமோன் என்பவருடைய வீட்டில். அவ்வீடு கடலோரத்தில் இருந்தது என்பதையும் லூக்கா குறித்து வைத்திருக்கிறார். செத்த விலங்கின் தோலைத் தொட்டுப் பிழைப்போரைத் தீட்டுப்பட்டவராகவே அக்கால யூத சமுதாயம் நோக்கியது. நாற்றத்தின் பொருட்டும் தண்ணீரின் பொருட்டும் அவர்கள் ஊரின் ஓரத்தில் வாழ நேர்ந்தது. அத்தகைய வீட்டின் மாடியில்தான் தூய்மை, தீட்டு என்னும் பழைய வேலி தகர்க்கப்படும் காட்சியைப் பேதுரு கண்டார். கொர்னேலியு அனுப்பிய ஆட்கள் வந்து நின்றதும் அவ்வீட்டு வாசலில்தான். பிற இனத்தாருக்குத் திருச்சபை திறந்த வாயில் ஒரு தோல் தொழிலாளியின் வீட்டு வாயில் என்றால் மிகையாகாது.

பாலாற்றுக் கரையில் வாழும் நமக்கு அந்த முகவரி அந்நியமானதன்று. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், வாலாஜாப்பேட்டை, இராணிப்பேட்டை எனத் தோலால் வாழும் ஊர்கள் நம்மைச் சூழ்ந்துள்ளன. இங்கே சீமோன்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனர். அவர்களுடைய பிள்ளைகள் நம் கல்லூரிகளில் பயில்கின்றனர். எனவே ஒரு கேள்வி எழுகிறது. கத்தோலிக்கக் கல்லூரி ஒன்று பேதுருவைப் போலச் சீமோனின் வீட்டில் தங்குகிறதா? அல்லது சீமோனின் பிள்ளைக்குப் பட்டம் அளித்து, அவ்வீட்டை விட்டு வெகுதொலைவுக்கு அனுப்பி வைப்பதோடு தன் கடமை முடிந்தது என்று கருதுகிறதா? இக்கேள்வியை வரலாற்றின் வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆவாரம் பட்டையும் குரோமியமும்

நம் பகுதியின் தோல் தொழில் தொன்மையானது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிடும் முறை இங்கு வழிவழியாக வந்தது. அவ்வாறு பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியாக இலண்டன் சந்தைக்குச் சென்று, அங்கே ‘கிழக்கிந்தியத் தோல்’ என்ற பெயரில் விலைபோயிற்று. வாணிகம் பெரும்பாலும் இசுலாமியப் பெருமக்களின் கையில் இருந்தது. தொட்டியில் இறங்கித் தோலை மிதித்தும் புரட்டியும் உழைத்தவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள். அவர்களுள் கிறித்தவர்களும் அடங்குவர்.

1903ஆம் ஆண்டில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சென்னையில் குரோமியம் கொண்டு பதனிடும் முறையைச் சோதித்துக் காட்டினார். பட்டையால் பல வாரங்கள் நடந்த வேலை இரசாயனத்தால் சில நாட்களில் முடிந்தது. 1948இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் சென்னை அடையாற்றில் நிறுவப்பட்டது. 1973இல் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஏற்று, அரைப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தியது. தோலாகக் கப்பலேறியது இனி முழுமை பெற்ற பொருளாக ஏற வேண்டும் என்பதே அதன் கருத்து. அதன் பின்னரே ஆம்பூரைச் சுற்றி ‘ஷூ கம்பெனிகள்’ பெருகின. கிராமத்துப் பெண்கள் பேருந்துகளில் ஏறி ஆலைகளுக்குச் செல்லலாயினர். ஆலைக்குப் போக இயலாதவர்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, காலணியின் மேல்பாகத்தை எண்ணிக்கைக் கூலிக்குத் தைத்தனர்.

நாட்டிற்கு அந்நியச் செலாவணி வந்தது. வீடுகளுக்கு வாரக் கூலி வந்தது. பாலாற்றுக்குக் கழிவுநீர் வந்தது. பச்சைத் தோல் கெடாதிருக்க உப்பு, மயிர் நீக்கச் சுண்ணாம்பு, பதனிடக் குரோமியம் என ஒவ்வொரு படியிலும் ஏதோவொன்று தண்ணீரோடு கலந்து வெளியேறியது. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 முதல் 40 லிட்டர் வரை தண்ணீர் தேவைப்பட்டதென உச்ச நீதிமன்றத் தீர்ப்பொன்று பின்னாளில் குறித்தது. அத்தனை தண்ணீரும் எங்கே போயிற்று என்பதற்கு ஆற்றங்கரைக் கிணறுகளே சாட்சி.

இத்துயரத்திற்கு இரு முகங்கள் உண்டு. தந்தையின் கிணறு உப்பாகி நிலம் தரிசாகிவிட்டது. அதே வீட்டில் மகள் ஷூ கம்பெனிச் சம்பளத்தால் தம்பியைப் படிக்க வைக்கிறாள். ஆலையை மூடு என்றால் மகள் அழுகிறாள். திறந்து வை என்றால் தந்தை அழுகிறார். இருவரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே திருப்பலியில் முழந்தாளிடுகின்றனர். இவ்விருவருக்கும் முன்னே மேடையேறி ‘ஏழைகளுக்கு இரங்குங்கள்’ என்று போதிப்பது எளிது. உப்பு எங்கிருந்து வருகிறது, அதை எவ்வாறு பிரிப்பது, அதன் செலவை யார் ஏற்பது, எண்ணிக்கைக் கூலி எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்ற கேள்விகளுக்கு இரக்கம் மட்டும் விடை சொல்லாது. அறிவு வேண்டும். அறிவை வளர்க்கவென்றே நாம் கட்டியவை கல்லூரிகள்.

துரினில் ஒரு முத்திரைத்தாள்

நம் பகுதியின் கத்தோலிக்கக் கல்லூரிகளுள் முதன்மையான இரண்டும் தொன் போஸ்கோவின் ஆன்மிகக் குடும்பத்தைச் சேர்ந்தவை. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி 1951இல் சலேசிய சபையாரால் தொடங்கப்பட்டது. காட்பாடி காந்தி நகரில் உள்ள ஆக்சிலியம் மகளிர் கல்லூரி 1954இல் சலேசிய அருட்சகோதரிகளால் நிறுவப்பட்டது. இவ்விரண்டிற்கும் இடையில், 1952இல், வேலூர் மறைமாவட்டம் உருவாயிற்று. ஆகவே இக்கல்லூரிகளின் வேரைத் தேடுவோர் வடஇத்தாலியிலுள்ள துரின் நகருக்குச் செல்ல வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் துரின் நகரம் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. மலைக் கிராமங்களிலிருந்து சிறுவர்கள் கூட்டங்கூட்டமாக வேலை தேடி வந்தனர். அவர்களுக்கு மறைக்கல்வி தந்தார் தொன் போஸ்கோ. விளையாட இடம் தந்தார். உறங்க இடமும் தந்தார். அத்தோடு அவர் நின்றிருந்தால் இரக்கமுள்ள குருக்களின் பட்டியலில் அவரும் ஒருவராகியிருப்பார். அவர் செய்த அடுத்த செயலே அவரை வேறுபடுத்துகிறது. ஒரு சிறுவனைப் பட்டறையில் சேர்க்கும் முன்னர், முதலாளியை அழைத்து, முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதினார்.

1852 பிப்ரவரி 8ஆம் நாளிட்ட அத்தகைய ஒப்பந்தம் ஒன்று இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. தச்சுத் தொழில் கற்க வந்த இளைஞன் ஒருவனுக்காக எழுதப்பட்டது அது. முதலாளி அவனுக்குத் தொழிலை முறையாகக் கற்பிக்க வேண்டும். தொழிலுக்குப் புறம்பான ஏவல் வேலைகளில் ஈடுபடுத்தலாகாது. தவறு செய்தால் சொல்லால் திருத்த வேண்டுமேயன்றி அடிக்கலாகாது. திருநாட்களில் ஓய்வு தர வேண்டும். ஆண்டுக்குப் பதினைந்து நாள் விடுமுறை அளிக்க வேண்டும். கூலி காலத்திற்கேற்ப உயர வேண்டும். தாமும் பொறுப்பாளராக அதில் ஒப்பமிட்டார் தொன் போஸ்கோ. தொழிற்சங்கங்கள் வேரூன்றாத காலம் அது. தொழிலாளர் நிலை குறித்துத் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் ‘ரேரும் நோவாரும்’ என்ற சுற்றுமடலை எழுதியது 1891இல். இந்த ஒப்பந்தம் அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் முந்தியது.

ஒப்பந்தம் எழுதியும் வெளிப்பட்டறைகளில் சிறுவர்கள் சீரழிவதைக் கண்ட அவர், 1853இல் சொந்தப் பட்டறைகளைத் தொடங்கினார். முதலில் எழுந்தவற்றுள் ஒன்று காலணி தைக்கும் பட்டறை என்பதை ஆம்பூர் மக்கள் நினைவிற் கொள்வது தகும். தையல், நூற்கட்டு, தச்சு, அச்சு எனப் பின்னர் அவை விரிந்தன. கற்பதும் சம்பாதிப்பதும் செபிப்பதும் ஒரே கூரையின் கீழ் நிகழ்ந்தன. ‘சமூகத் தொழில்முனைவு’ என்று இன்று நூல்களில் எழுதப்படுவதை அவர் அப்பெயரால் அறிந்திருக்கவில்லை. ஆயினும் நம் கல்லூரிகளுக்கு அவர் விட்டுச் சென்ற சொத்தில் அந்த முத்திரைத்தாளும் சேர்ந்தது என்பதில் ஐயமில்லை. அன்பு நியாயமான ஒப்பந்தமாக எழுதப்படும்போதுதான் ஏழை தலைநிமிர்கிறான்.

மீனவரிடம் சென்ற பல்கலைக்கழகம்

தொன் போஸ்கோவின் பட்டறை தொழிற்கல்வி சார்ந்தது. உயர்கல்வி நிறுவனத்திற்கு அது பொருந்துமா என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு விடையாகக் கனடா நாட்டின் கீழ்க்கரையில் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் நிகழ்ந்ததைச் சொல்லலாம்.

அங்கே ஆன்டிகோனிஷ் என்ற சிற்றூரில் தூய பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகம் உள்ளது. அதன் மறைமாவட்டத்து மக்கள் மீனவர், சிறு விவசாயிகள், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர். பிடித்த மீனுக்கு வாணிகர் வைத்ததே விலை. வலைக்கும் உணவுக்கும் அவர்களிடமே கடன். படித்த பிள்ளைகளோ ஊரை விட்டு வெளியேறிக்கொண்டிருந்தனர். ஜேம்ஸ் டாம்கின்ஸ் என்ற குரு 1921இல் ஒரு சிறு வெளியீட்டின் வாயிலாக, அறிவு மக்களிடம் செல்ல வேண்டும் என்று வாதிட்டார். பின்னர் கான்சோ என்னும் மீனவர் பங்கிற்கு மாற்றப்பட்ட அவர், அங்கு கண்ட வறுமையால் மேலும் உறுதி பெற்றார். 1928இல் பல்கலைக்கழகம் தன் விரிவாக்கத் துறையைத் தொடங்கி, அருட்தந்தை மோசஸ் கோடி என்பவரை அதற்குப் பொறுப்பாளராக்கியது.

கோடி அடிகளார் மீனவர்களுக்குப் பணம் கொண்டு செல்லவில்லை. வீட்டுச் சமையலறைகளில் பத்துப் பேர் கூடும் படிப்புக் குழுக்களை அமைத்தார். நம் மீனுக்கு என்ன விலை? நகரச் சந்தையில் அதே மீனுக்கு என்ன விலை? இடையில் உள்ளது யாரிடம் போகிறது? இக்கணக்கை மக்களே போட்டனர். கணக்குப் போட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. கடன் சங்கங்கள் எழுந்தன. கடல் நண்டைப் பதப்படுத்தும் கூட்டுறவு ஆலைகள் எழுந்தன. கூட்டுறவு வீடுகள் எழுந்தன. அந்தப் பட்டறிவை உலகிற்கு வழங்க 1959இல் கோடி பன்னாட்டு நிறுவனம் நிறுவப்பட்டது. நம் நாட்டிலிருந்தும் குருக்களும் துறவியரும் பொதுநிலையினரும் அங்கு சென்று பயின்று வந்துள்ளனர்.

இதில் ஒன்றை நாம் ஊன்றி நோக்க வேண்டும். பல்கலைக்கழகம் மீனவருக்குத் தொண்டு செய்தது; அத்தொண்டில் பல்கலைக்கழகமும் கற்றுக்கொண்டது. பொருளியல் பேராசிரியர் நண்டின் விலையைச் சமையலறை மேசையில் கற்றார். தொண்டின் வழியே கற்பது என்று இன்று பேசப்படுவதன் உட்பொருள் இதுவே. ஏழையின் வாழ்க்கை கல்லூரிக்கு ஒரு பாடநூலாகும்போது, ஏழை கையேந்துபவனாக இராமல் ஆசிரியனாகிறான்.

நம் மண்ணில்

நம் தமிழகத்திலும் முன்னோடிகளுக்குக் குறைவில்லை. 1924இல் தோன்றிய அனைத்திந்திய கத்தோலிக்கப் பல்கலைக்கழக மாணவர் கூட்டமைப்பிற்கு, அதாவது ‘ஐக்கஃப்’ அமைப்பிற்கு, 1950களிலும் 60களிலும் வழிகாட்டியாக இருந்தவர் அருட்தந்தை பியர் செராக். 1937இல் பிரான்சிலிருந்து வந்த இயேசு சபைக் குரு அவர். கல்லூரி மாணவர்களைச் சென்னைச் சேரிகளுக்கு அழைத்துச் சென்று, மண்ணும் கல்லும் சுமக்க வைத்தார். 1960களின் இறுதியில் வறண்ட மானாமதுரைப் பகுதிக்குச் சென்று, ஆயிரம் கிணறுகள் என்னும் திட்டத்தை மேற்கொண்டார். 2012இல் தம் 98ஆம் வயதில் சென்னையில் அவர் இறந்தபோது, அம்மாணவர்களில் பலர் தலை நரைத்த முதியோராயிருந்தனர். கிணறு வெட்டுவது கருணைச் செயல். வெட்டிய கிணறு உழவனுடைய வயலில் நின்று, அவனுக்கே உரியதாகி, ஆண்டுதோறும் விளைச்சல் தருவது அதனினும் மேலானது.

பிற கிறித்தவ சபையாரிடமும் நாம் கற்க வேண்டியவை உண்டு. திருப்பத்தூரில் 1921ஆம் ஆண்டிலேயே மருத்துவர்களான சவரிராயன் இயேசுதாசனும் ஏர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவி, கதருடுத்தி, கிராம மக்களோடு வாழ்ந்தனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, தன் மாணவர்களைக் கிராமத்தில் தங்க வைத்து, வீடு வீடாகக் கணக்கெடுக்கச் செய்து, நோய் எங்கே பிறக்கிறது என்பதைக் கண்டறியப் பயிற்றுகிறது. அக்கல்லூரியே 1977இல் கே.வி.குப்பம் வட்டாரத்துக் காவனூரில் ஊரக நலவாழ்வு, சமூகப் பணி மையத்தைத் தொடங்கியது. ‘ருசா’ என்று மக்கள் அழைக்கும் அம்மையம் மருந்தோடு நில்லாமல் தொழிற்பயிற்சி, வேளாண்மை, வருவாய் எனத் தன் எல்லையை விரித்துக்கொண்டது. ஏனெனில் குழந்தையின் நோய்க்குத் தாயின் கூலியும் ஒரு காரணம் என்று அது கண்டுகொண்டது.

1969 செப்டம்பர் 24 அன்று நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிற்று. அது காந்தியடிகளின் நூற்றாண்டு. நம் கல்லூரிகளும் அதில் ஆர்வத்தோடு பங்கேற்றன. மரம் நட்டனர், சாலை போட்டனர், இரத்த தானம் செய்தனர். அம்முகாம்களில் பிறருடைய வறுமையை முதன்முதலாக அருகிருந்து கண்டு வாழ்க்கை மாறியவர்கள் பலர். அதை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது. எனினும் பத்து நாள் முகாம் முடிந்து பேருந்து கிளம்பியதும், ஊரில் எஞ்சுவது என்ன என்று கேட்பதும் நம் கடமை. சில வேளைகளில் எஞ்சுவது ஒரு பெயர்ப்பலகை மட்டுமே.

1996: எண்ணிக்கை சாட்சியானது

பாலாற்றின் துயரம் நீதிமன்றம் ஏறிய கதையை இப்போது நோக்குவோம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் என்ற அமைப்பு 1991இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனுவைத் தாக்கல் செய்தது. 1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தீங்கு வருமுன் காக்கும் கடமையும், மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற நெறியும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று அத்தீர்ப்பு அறிவித்தது. ஆலைக்கு 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இழப்பீட்டைக் கணக்கிடத் தனி ஆணையம் அமைக்கப் பணித்தது. உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பயிலப்படும் தீர்ப்பு இது. அதன் தலைப்பில் நம் வேலூரின் பெயர் நிற்கிறது.

இத்தீர்ப்பிற்கு அடிப்படையாயிருந்த சான்றுகளைக் கவனியுங்கள். தோல் தொழில் நடக்கும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனது என்ற கணக்கு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் எடுத்தது. நம்மைப் போலவே தோல் தொழிலால் பாதிக்கப்பட்ட திண்டுக்கல் பகுதியில், ஒரு தொண்டு நிறுவனம் 13 கிராமங்களில் நடந்து சென்று கிணறுகளை எண்ணியது. 467 கிணறுகளில் 350 மாசடைந்திருந்தன. இவ்விரு எண்ணிக்கைகளும் தீர்ப்பில் இடம்பெற்றன.

இந்த எண்ணிக்கைகளை எடுக்கத் தேவைப்பட்டவை யாவை? ஒரு குறிப்பேடு, நீரைச் சோதிக்கும் ஆய்வகம், வெயிலில் நடக்கும் கால்கள், உண்மையை மறைக்காத நெஞ்சம். இவை ஒவ்வொன்றும் நம் கல்லூரிகளில் உண்டு. வேதியியல் துறை உண்டு. தூய நெஞ்சக் கல்லூரியில் சமூகப்பணி முதுகலைத் துறையும் உண்டு. பாலாற்றுக் கரையிலிருந்து வரும் மாணவர்களும் உண்டு. முகாமில் ஒரு தெருவைக் கூட்டினால் மறுநாள் மீண்டும் குப்பை சேரும். ஒரு கிணற்றை முறையாகச் சோதித்து, நாளும் அளவும் இட்டு எழுதி வைத்தால், அது நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும். கற்ற அறிவே தொண்டாக மாறும் இடம் இதுதான்.

அதே 1996ஆம் ஆண்டில் வேறொரு விதையும் விழுந்தது. அதற்கு முந்திய ஆண்டில் புதுவைப் பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரி ஒன்றைத் தொடங்கியிருந்தது. 1996இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் சென்னைச் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. இவ்வியக்கத்தைத் தமிழகமெங்கும் பரப்பியவர் இயேசு சபையின் அருட்தந்தை சேவியர் அல்போன்ஸ். படிப்பை இடையில் விட்டோர், ஏழைப் பெண்கள், வேலையற்ற இளைஞர் ஆகியோருக்கு உள்ளூர்த் தேவைக்கேற்ற தொழிற்கல்வி. அதனோடு வாழ்க்கைத் திறன். அதன்பின் தொழிலகத்திலேயே நேரடிப் பயிற்சி. பாடத்திட்டத்தை வகுக்கும்போதே உள்ளூர்த் தொழிலகங்களையும் மக்களையும் கலந்து பேச வேண்டும் என்பது இவ்வியக்கத்தின் கொள்கை. பட்டம் பெறுவோருக்கு மட்டுமே திறந்திருந்த வாயில், சீமோனின் வீட்டாருக்கும் திறக்கத் தொடங்கியது. துரின் நகரின் முத்திரைத்தாளும் ஆன்டிகோனிஷின் சமையலறை மேசையும் தமிழ் மண்ணில் சந்தித்ததாக இதனைக் கொள்ளலாம்.

எஞ்சியிருக்கும் கடன்

தீர்ப்போடு துயரம் தீர்ந்துவிடவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. கழிவுநீரை வெளியே விடாமல் மீண்டும் பயன்படுத்தும் முறையும் வந்தது. ஆயினும் 2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிட்கோ வளாகத்தில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்து, அருகிலிருந்த ஆலையில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள். 2025 சனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்றைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீட்டை அரசு வழங்கி, மாசுபடுத்தியவரிடம் அதனை வசூலிக்க வேண்டும் என்றும், ஆற்றை மீட்கக் குழு அமைக்க வேண்டும் என்றும் அது கட்டளையிட்டது. முதல் தீர்ப்பு வந்தபோது பிறந்த குழந்தை அதற்குள் கல்லூரி முடித்து, தானும் ஒரு குழந்தைக்குத் தாயாகியிருக்கக் கூடும்.

திருச்சபையின் போதனை இதில் தெளிவாகவே உள்ளது. கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் குறித்துத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1990இல் வெளியிட்ட ஏடு, மனித மாண்பு, நீதி, இயற்கையைப் பாதுகாத்தல் போன்ற காலத்தின் பெருங்கேள்விகளை ஆய்வதைப் பல்கலைக்கழகத்தின் பணியாகக் காட்டுகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடல், பூமியின் கூக்குரலையும் ஏழையின் கூக்குரலையும் பிரித்துக் கேட்கலாகாது என்கிறது. இயேசு சபைத் தலைவர் பேத்ரோ அருப்பே 1973 சூலை 31 அன்று ஸ்பெயின் நாட்டு வலென்சியாவில் தம் சபைக் கல்லூரிகளின் முன்னாள் மாணவரிடம், உங்களை நீதிக்காகப் பயிற்றுவித்தோமா என்ற கேள்வியை எழுப்பி, இல்லை என்று தாமே விடையும் கூறினார். கேட்டவர்களில் சிலர் சினந்தனர். ஆயினும் பிறருக்காக வாழும் மனிதரை உருவாக்குவதே கல்வி என்ற அவர் கருத்து, அதன்பின் கத்தோலிக்கக் கல்வி உலகெங்கும் வேரூன்றியது.

இன்று அரசும் இதே திசையில் நடக்கிறது. உயர்கல்வி நிறுவனங்கள் சமுதாயத்தோடு இணைந்து செயல்பட வேண்டும் என்றும், அதற்கென இரண்டு கிரெடிட் கொண்ட பாடம் இருக்க வேண்டும் என்றும் பல்கலைக்கழக மானியக் குழு 2020இல் வழிகாட்டு நெறியை வெளியிட்டது. இதை வரவேற்போம். கூடவே விழிப்பாகவும் இருப்போம். மதிப்பெண்ணுக்காகச் செய்யும் தொண்டு, கையொப்பத்திற்காகச் செல்லும் திருப்பயணம் போன்றதாகிவிடலாம். ஏழையின் வீட்டுத் திண்ணை மாணவருடைய செய்முறைப் பயிற்சிக் கூடமாகி, அத்திண்ணையில் அமர்ந்திருப்பவள் மறக்கப்பட்டுவிடலாம்.

ஆகையால், கல்லூரி செய்யும் ஒவ்வொரு தொண்டைப் பற்றியும் நாம் கேட்கத்தக்க கேள்விகள் மூன்று என்று எனக்குத் தோன்றுகிறது. முதலாவது, இதை யார் கேட்டார்கள்? மக்களின் தேவையா, கல்லூரி நாட்காட்டியின் தேவையா? இரண்டாவது, இதில் மாணவர் எதைக் கற்றனர்? வகுப்பில் படித்த வேதியியலும் வணிகவியலும் ஊரின் கிணற்றையும் கூலிக் கணக்கையும் சந்தித்தனவா? மூன்றாவது, மாணவர் திரும்பிய பின் மக்களின் கையில் எஞ்சுவது என்ன? துரினில் ஓர் ஒப்பந்தம் எஞ்சியது. நோவா ஸ்கோஷியாவில் ஒரு கடன் சங்கம் எஞ்சியது. மானாமதுரையில் ஒரு கிணறு எஞ்சியது. திண்டுக்கல்லில் ஒரு கணக்கு எஞ்சியது. ஆம்பூரில் எஞ்சுவது, திண்ணையில் காலணி தைக்கும் பெண்கள் தாமே கூடி நடத்தும் ஒரு சிறு உற்பத்திக் குழுவாக இருக்கலாம். அவர்களுக்குக் கணக்கெழுதப் பழக்குபவர் ஒரு வணிகவியல் மாணவியாக இருக்கலாம். மாதந்தோறும் அளக்கப்பட்ட பத்துக் கிணறுகளின் பதிவேடாகவும் இருக்கலாம்.

இவை கல்லூரி முதல்வர்களுக்கும் குருக்களுக்கும் துறவியர்க்கும் மட்டும் உரிய கேள்விகள் அல்ல. கல்லூரியைத் தாங்கி நிற்பவர்கள் பொதுநிலையினராகிய நீங்கள். உங்களில் பலர் அக்கல்லூரிகளின் முன்னாள் மாணவர்கள். ஆலையின் மேலாளராக இருப்போர் உண்டு. வங்கியில் பணிபுரிவோர் உண்டு. வழக்கறிஞர், ஆசிரியர், அரசு அலுவலர் உண்டு. ஆலையின் உள்ளே நடப்பதை அறிந்த மேலாளரும், சட்டத்தை அறிந்த வழக்கறிஞரும், கடன் விதியை அறிந்த வங்கி ஊழியரும் மாதம் ஒரு மாலையில் கல்லூரி மாணவரோடு அமர்ந்தால், அதுவே நம் பகுதியின் படிப்புக் குழு. அதற்குப் புதுக் கட்டடம் வேண்டியதில்லை. பங்கு மன்றம் போதும்.

ஆற்றில் நீர் ஓடும் நாட்கள் குறைந்துவிட்டன. ஆனால் கரையில் கிணறுகள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி நம் மக்கள் இருக்கிறார்கள். கல்லூரியில் பயிலும் உங்கள் மகனோ மகளோ விடுமுறைக்கு வீடு திரும்பும்போது, எத்தனை மதிப்பெண் என்று கேளுங்கள். அது பெற்றோரின் உரிமை. அதன் பின், நம் ஊர்க் கிணற்று நீரில் உப்பு எவ்வளவு என்று உனக்கு அளக்கத் தெரியுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.